அப்பா பெயர் கட்டம் காலியாக இருக்கலாம்: குமரி மாவட்டத் தாய்மார்களுக்குச் சில நடைமுறைத் தகவல்கள்

கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் காகிதங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. பிறப்பைப் பதியும்போது வீட்டில் பெரியவர்கள் பயந்துபோய் யாரோ ஒருவர் பெயரை அப்பா பெயராகச் சொல்லிவிடுகிறார்கள். தாய்மாமன் பெயர், தாத்தா பெயர், சில வேளை இல்லாத ஒரு ஆளின் பெயர். அன்றைக்கு ஊர்வாயை அடைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும். பாஸ்போர்ட்டுக்கோ வாரிசுச் சான்றுக்கோ போகும்போது, அந்த ஆளின் ஆதாரையும் கையெழுத்தையும் கேட்பார்கள். தாய்மாமன் பெயர் எழுதிய வீட்டில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் சொத்துப் பயத்தில் சண்டைக்கு வருவார்கள். தவறான தகவலைத் தெரிந்தே கொடுப்பது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குற்றமும் கூட.

இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: திருமணமாகாத தாயோ தனித்து வளர்க்கும் பெற்றோரோ பிறப்புச் சான்று கேட்டால், அதிகாரிகள் கேட்கக்கூடியது அதைச் சொல்லும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் மட்டுமே, சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும். வழக்குப் போட்டவர் ஒரு கிறிஸ்தவத் தாய். தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நாமினியாகப் போடப் போன இடத்தில் அப்பா பெயர் கேட்டதால் வந்த வழக்கு அது. தாயின் அந்தரங்கத்தைக் காக்க ‘ஏபிசி’ என்ற எழுத்துகளாலேயே தீர்ப்பு அழைக்கப்படுகிறது. நம் மாவட்டம் அடங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2018-ல், திருச்சியில் பதிவான ஒரு பிறப்புக்கு அப்பா பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுச் சான்று தரச் சொன்னது. அலுவலகத்துக்குப் போகும்போது 2015 தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

வேலை பிரசவத்துக்கு முன்பே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய கர்ப்பகாலத்தில் கொடுக்கப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் கேட்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தால் கிடைக்கும் எண் இது. வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து கர்ப்பத்தைப் பதியாமலே ஒளித்து வைப்பதால், குழந்தை பிறந்தபின் இந்த எண் இல்லாமல் சான்று நின்றுபோகிறது. சொந்த ஊரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் வேறு ஊரில், தங்கியிருக்கும் இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியலாம். கணவர் விவரம் கேட்டால், தனித்து வாழும் பெண் என்று சொன்னால் போதும். தாய் 18 வயது நிறையாதவராக இருந்தால் நிலை வேறு: போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது இரண்டு உயிருக்கும் ஆபத்து. குழந்தை நலக் குழு நாகர்கோவிலில் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

அடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆசாரிப்பள்ளத்திலோ குழித்துறையிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ சேரும்போது, பெண்ணின் பெயருக்குக் கீழே ‘க/பெ’ அல்லது ‘த/பெ’ என்று ஒரு வரி இருக்கும். தாய் தன் அப்பாவின் பெயரை ‘த/பெ’ என்று கொடுப்பார்; அது சரிதான். ஆனால் கேஸ் ஷீட்டிலிருந்து பிறப்பு அறிக்கைப் படிவத்துக்குப் பெயர்களை எடுத்து எழுதும்போது, அந்தத் தாத்தாவின் பெயர் குழந்தையின் தந்தை பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அவசரத்தில் நடப்பது. சான்று கைக்கு வந்தபின் பார்த்தால், தாயும் குழந்தையும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்களாக நிற்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்தப் பிறப்பு அறிக்கைப் படிவத்தை (படிவம் 1) வாங்கி வரிவரியாகப் படியுங்கள். ‘தந்தையின் பெயர்’ என்ற இடத்தில் கோடு போட்டோ காலியாகவோ இருக்கிறதா, தாயின் பெயர் ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதே படிவத்தில் ‘திருமணத்தின்போது தாயின் வயது’ என்று ஒரு கேள்வி வரும். அது புள்ளிவிவரப் பகுதி. சான்றிதழில் அச்சாகாது. அதற்காக ஒரு பொய் வயது சொல்ல வேண்டியதில்லை.

கவுன்டரில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அப்பா பேரு சொல்லும்மா.”

“அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க சார். உறுதிமொழி கொண்டு வந்திருக்கேன்.”

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உறுதிமொழியின் வாசகமும் சின்னதாக இருக்கட்டும்: “நான் மேற்படி குழந்தையின் தாய். எனக்குத் திருமணம் ஆகவில்லை. குழந்தையை நான் மட்டுமே வளர்த்து வருகிறேன். பிறப்புப் பதிவில் தந்தை பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, தாய் பெயரை மட்டும் பதிந்து சான்று வழங்க வேண்டுகிறேன்.” நோட்டரியின் கையெழுத்து போதும். ஆண் யார், ஏன் பிரிந்தார், எப்படிக் கர்ப்பம் ஆனது என்று எதையும் எழுதாதீர்கள். அந்தத் தாள் பல கைகளுக்குப் போகும். குழந்தை பெரியவனான பின்னும் கோப்பில் இருக்கும்.

முடியாது என்றால் வாய்ப்பேச்சோடு திரும்பி வரவேண்டாம். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு, பதிவாளரின் முடிவுக்கு எதிராக 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்வேன் என்பதை மரியாதையாக எழுத்தில் தெரிவித்தாலே பல இடங்களில் வேலை நடந்துவிடும்.

எல்லையோரத்துக்காரர்கள் கவனிக்க ஒரு விஷயம். பிறப்பு பதியப்படுவது குழந்தை பிறந்த ஊரில்தான், குடியிருக்கும் ஊரில் அல்ல. களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்கள் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியிலோ பிரசவித்தால், பதிவு கேரளத்து உள்ளாட்சியில் நடக்கும். திருத்தமும் அங்கேதான். நம்மூர் இ-சேவை மையத்தில் எத்தனை முறை மனு போட்டாலும் பயன் இல்லை. அங்கே இன்னொரு தீர்ப்பு துணைக்கு வரும்: திருமணமாகாத தாயின் பிள்ளைக்குத் தாய் பெயரை மட்டும் வைத்துச் சான்றுகள் தரவேண்டும் என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காலக்கெடு 21 நாள். அதற்குப் பின், பிறந்து 30 நாள் ஆகும் வரை தாமதக் கட்டணம் மட்டும். ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி தேவை. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்: அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் பிறந்திருந்தால் நாகர்கோவில்; கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்றால் பத்மநாபபுரம். அதற்கு முன், பிறந்த இடத்துப் பதிவாளரிடம் ‘பதிவில் இல்லை’ என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டு வரை கட்டணத்துடனும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிற்கும் அடிப்படை இந்த ஒரு சான்றுதான்.

தவறான பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டதா? எழுத்துப்பிழைத் திருத்தம் போல அது எளிதாக நடக்காது. தாத்தா பெயர் ஏறிய கதை என்றால் கேஸ் ஷீட் நகலை வைத்துப் பதிவாளரிடமே கேட்டுப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியின் எழுத்துப் பிழை என்று காட்ட முடிந்தால் வழி உண்டு. தெரிந்தே கொடுத்த பெயர் என்றால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டி வரும்.

இதைவிடச் சிக்கலானது ஒன்று. தாய்க்கு முன்பே கல்யாணம் ஆகி, புருஷனைப் பிரிந்து, விவாகரத்து வாங்காமலே இன்னொருவரோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால், சட்டத்தின் கண்ணில் அது பழைய கணவரின் குழந்தைதான். பாரதிய சாட்சிய சட்டம் 116-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 112) திருமணம் நீடிக்கும் காலத்திலும், அது முடிந்து 280 நாளுக்குள்ளும் பிறந்த குழந்தைக்கு அந்தக் கணவரையே தந்தையாகக் கொள்கிறது. அந்த நாட்களில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். டி.என்.ஏ. சோதனை கேட்டாலே நீதிமன்றம் உத்தரவிட்டுவிடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. ஆகவே பிரிந்து வாழும் பெண்கள் விவாகரத்து வழக்கை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடக் கூடாது.

தந்தை தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்கிறவராக இருந்தால் நல்லது. இருவரும் சேர்ந்து எழுத்தில் கேட்டு, இருவரும் கையெழுத்திட்டுப் பதியட்டும். அவர் ஒப்புதல் இல்லாமல் தாய் தனியாக அவர் பெயரை ஏற்றினால், பின்னால் அவர் மறுக்கும்போது பிள்ளையின் சான்றே வழக்குப் பொருளாகிவிடும்.

ஞானஸ்நானப் பதிவேடும் நம் மாவட்டத்தில் முக்கியம். கடற்கரை ஊர்களில் பழைய தலைமுறைக்கு அதுவே வயதுச் சான்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 877-ஆம் விதி இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: திருமணமாகாத தாய் எழுத்திலோ இரு சாட்சிகள் முன்னோ விரும்பிக் கேட்டால் அவர் பெயரை எழுத வேண்டும்; தந்தை பெயரை, பொது ஆவணம் இருந்தாலோ பங்குத்தந்தை முன்னும் இரு சாட்சிகள் முன்னும் அவரே சொன்னாலோ மட்டும் எழுதலாம். இல்லையென்றால் குழந்தையின் பெயரை மட்டும் எழுதலாம். ஞானஸ்நானத்தையே மறுக்க இது காரணம் ஆகாது. பங்குப் பேரவையில் யாராவது முணுமுணுத்தால் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

பள்ளியில் இனிஷியலாகத் தாய் பெயரின் முதலெழுத்தை வையுங்கள். ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்ற இடத்தில் தாய் கையெழுத்துப் போதும். பான் அட்டைக்கு, தாய் தனித்து வளர்ப்பவர் என்று குறித்தால் 2018 டிசம்பர் முதல் அப்பா பெயர் கட்டாயமில்லை. பாஸ்போர்ட் விதிகள் 2016 டிசம்பரில் மாறின. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். இவை எல்லாவற்றிலும் எழுத்தும் இனிஷியலும் ஒன்றுபோல இருந்தால்தான் வேலை நடக்கும். ஓரிடத்தில் தாத்தா இனிஷியல், இன்னோரிடத்தில் அம்மா இனிஷியல் என்றால் திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

பராமரிப்புச் செலவுக்கு வருவோம். பிள்ளை திருமணத்தில் பிறந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125) எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். இடைக்கால உத்தரவு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை வரவேண்டும். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தை உறுதிமொழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில்: சேர்ந்திருந்த படங்கள், வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்ஆப் செய்திகள். செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுகளுக்கான, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றும் சேர்ந்து இருக்க வேண்டும். போனை விற்றுவிடவோ அழித்துவிடவோ கூடாது. ஆள் வளைகுடாவில் இருந்தால், அங்கிருக்கும் முகவரி, கம்பெனி பெயர், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை உறவு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வது உதவும். நோட்டீஸ் சேராமல் நிற்கும் வழக்குகள்தான் அதிகம் இழுபடும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்ட உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 15100.

சொத்து விஷயத்தில்தான் சட்டம் இன்னும் பிள்ளையைத் தண்டித்துக்கொண்டிருக்கிறது. மதத்துக்கு மதம் கணக்கு மாறும்.

இந்துக்களில் மூன்று நிலை உண்டு. முதலாவது, சடங்கு நடந்து, ஆனால் முதல் மனைவி உயிரோடு இருந்ததாலோ வேறு காரணத்தாலோ செல்லாமல் போன திருமணம். இந்தப் பிள்ளைகள் இந்துத் திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவுப்படி சட்டப்பூர்வமானவர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி தந்தையின் சுயசம்பாத்தியத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில், தந்தை இறக்கும் முன் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு எவ்வளவு வந்திருக்குமோ அதிலும் பங்கு உண்டு. தந்தையின் அண்ணன் தம்பி சொத்தில் கிடையாது. இரண்டாவது, கணவன் மனைவியாகவே பல ஆண்டு வாழ்ந்தவர்கள். நீண்ட கால வாழ்வைத் திருமணமாகவே அனுமானிக்கலாம் என்று 2022 ஜூனில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது: உறவினர், நண்பர்கள் முன் மாலை மாற்றியிருந்தாலோ மோதிரம் மாற்றியிருந்தாலோ, இருவரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவுப்படி அது திருமணமே. ‘நமக்குக் கல்யாணம் ஆகலையே’ என்று நினைக்கும் பல ஜோடிகள் சட்டப்படி கல்யாணம் ஆனவர்கள். மூன்றாவது, இது எதுவுமே இல்லாத உறவு. இங்கே பிள்ளை தாய்க்கும், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் மட்டுமே வாரிசு. தந்தை சொத்தில் தானாக எதுவும் வராது.

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி என்ற தாய்வழி வாரிசுமுறை இருந்த காலத்தில் பிள்ளைக்குத் தாய்வீட்டுப் பெயரே அடையாளம். அப்பா சொத்திலிருந்து வருவதற்கு ‘உகந்துடைமை’ என்று தனிப் பெயரே இருந்தது. கொல்லம் ஆண்டு 1101-ல் (1926) அந்த முறையை மாற்றி நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தாயைக் கொண்டு பிள்ளையை அறிவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதை அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு நிலைமை கடினம். மேரி ராய் வழக்கில் 1986-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தைத் தள்ளி, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. மகள்களுக்குச் சமபங்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்பதைத் திருமணத்தில் பிறந்த பிள்ளை என்றே பழைய தீர்ப்புகள் வாசித்து வந்திருக்கின்றன. முஸ்லிம்களில் ஹனஃபி என்ற சுன்னிச் சட்ட முறைப்படி பிள்ளை தாய்வழி வாரிசாகும், தந்தைவழி ஆகாது. தந்தை கொடுக்க நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (கொடையாக) எழுதிக் கைவசம் கொடுத்துவிடுவதே உறுதியான வழி. ஒரே தெருவில் மூன்று மதத்துப் பிள்ளைகள் மூன்று விதமாக நடத்தப்படுவதை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பது? வாரிசுரிமைச் சட்டங்களில் பிள்ளை என்றால் பிள்ளை என்று ஒரு திருத்தம் வரவேண்டும். அதுவரை தந்தை, தாய், தாத்தா பாட்டி யாராக இருந்தாலும் உயில் எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 100-ஆம் பிரிவுப்படி, உயிலில் ‘என் பிள்ளைகள்’, ‘என் மகள்’ என்று பொதுவாக எழுதினால், வேறு குறிப்பு இல்லாதவரை, சட்டப்படியான பிள்ளையையே அது குறிக்கும். கிறிஸ்தவ அப்பா ‘என் பிள்ளைகளுக்குச் சமமாக’ என்று நல்ல மனசோடு எழுதி வைத்தும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காமல் போக அந்த ஒரு வார்த்தை போதும். ஆகவே பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், பிறப்புப் பதிவு எண் ஆகியவற்றை எழுதி, ‘இவருக்கு’ என்று குறிப்பிட வேண்டும். சொத்தைச் சர்வே எண், பத்திர எண்ணோடு சொல்ல வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பிள்ளையின் தாயைச் சாட்சியாகப் போட்டு அவருக்கும் அதே உயிலில் ஏதாவது எழுதினால், கிறிஸ்தவர்களுக்கு 67-ஆம் பிரிவுப்படி அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்; முதல் குடும்பம் பின்னால் வந்து ‘இது பொய் உயில்’ என்று சொல்வது கடினமாகும்.

கடலுக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 2017 நவம்பர் ஒக்கி புயலுக்குப் பின், திரும்பி வராதவர்களுக்கு யார் வாரிசு என்று காட்ட வேண்டிய நிலையில் எத்தனையோ குடும்பங்கள் நின்றன. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றுக்கு ஒரு தரப்பு ஆட்சேபித்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மீனவர் நல வாரியம், வங்கிக் கணக்கு, காப்பீடு மூன்றிலும் பிள்ளையை நாமினியாகப் போட்டு, பிள்ளை மைனர் என்பதால் பணத்தை வாங்கும் பாதுகாவலராகத் தாயின் பெயரையும் அதே படிவத்தில் எழுத வேண்டும். பொதுவாக நாமினி பணத்தை வாங்கலாமே தவிர, வாரிசுகள் கேட்டால் அது தனக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது. அதனால் நாமினியும் வேண்டும், அந்தக் கணக்கு எண்ணையும் பாலிசி எண்ணையும் பெயரிட்டுச் சொல்லும் உயிலும் வேண்டும்.